நுரையீரலுக்குள் இரத்தம் போகும் வழியைச் சொன்ன இப்னுந் நஃபீஸ் (ரஹ்)

டமாஸ்கஸ் பகுதியில் சுமார் 1213-இல் பிறந்தவர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குரஷீ. உலகம் இவரை இப்னுந் நஃபீஸ் என்றே அறியும். நூரி மருத்துவமனையில் அத்தக்வாரிடம் மருத்துவம் படித்தார். பிறகு கெய்ரோ சென்று, அங்கே மருத்துவத்தோடு மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் போதித்தார். நம் கடலோர ஜமாஅத்துகள் பலவும் பின்பற்றும் அதே மத்ஹப்தான்.

இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இடப்பக்கம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் சொல்லியிருந்தார். இப்னு சீனாவும் அதை ஏற்றார். ஆயிரம் ஆண்டுக் கருத்து! இப்னு சீனாவின் நூலுக்கு 1242-இல் விளக்கவுரை எழுதிய இவரோ, அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துளை ஏதுமில்லை என்று மறுத்தார். வலப்பக்க இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, அதன் பிறகே இடப்பக்கம் வருகிறது என்றார். நுரையீரலின் இரு வகைக் குழாய்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத சிறு வழிகள் இருக்க வேண்டும் என்றும் கணித்தார். அந்த நுண்குழாய்களை நுண்ணோக்கியில் மால்பிகி பார்த்தது 1661-இல்தான்.

காற்றும் இரத்தமும் சந்திக்கும் அந்த இடமே காற்றுப் பைகள். எம்ஃபிசீமா நோயில் இவற்றின் சுவர்கள் சிதைந்து, பல சிறு பைகள் சேர்ந்து சில பெரிய பைகளாகிவிடுகின்றன. உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் தேங்குகிறது. பனித்திட்டு முதல் எந்த ஊரானாலும் பீடி, சிகரெட், விறகடுப்புப் புகைதான் முக்கியக் காரணங்கள். அழிந்த பைகளை மீண்டும் வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. புகையை நிறுத்தினால் மேலும் அழிவது மட்டுப்படும். இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, தடுப்பூசி ஆகியவை துணை நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் தரப்படுகிறது. தகுதியான சிலருக்கு மட்டும், கெட்ட பகுதியை அகற்றும் அறுவை சிகிச்சையோ, ஒருவழி வால்வோ, நுரையீரல் மாற்றோ உண்டு. நம் பகுதியினர் ஜிப்மரின் நுரையீரல் பிரிவில் கேட்கலாம். நோன்பில் இன்ஹேலர் எடுப்பது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்; ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இவரது நூலின் இந்தப் பகுதி நெடுங்காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1924-இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ பெர்லின் நூலகத்தின் கையெழுத்துப் பிரதியில் கண்டு வெளிப்படுத்தினார். அதுவரை ஹார்வி, செர்வெட்டஸ் பெயர்களையே நாமும் பள்ளியில் படிக்கும்படி ஆகியிருந்தது.

முந்நூறு தொகுதிகளாகத் திட்டமிட்ட அஷ்ஷாமில் கலைக்களஞ்சியத்தில் எண்பது வரை முடித்தார். இறுதி நோயில் மருந்தாக மது தந்தபோது, மது உள்ள உடலோடு அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்று மறுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1288 டிசம்பரில் (ஹிஜ்ரி 687) கெய்ரோவில் வஃபாத்தானார். தம் வீட்டையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கு வக்ஃப் செய்திருந்தார்.