தப்பித்தவர் ஏன் கோர்ட்டுக்குத் திரும்பி வந்தார்? மே தினத்துக்குப் பின்னால் இருக்கும் ஆல்பர்ட் பார்சன்ஸின் கதை

1886, ஜூன் 21. சிகாகோ கோர்ட்டில் குண்டுவெடிப்பு வழக்கு விசாரணை தொடங்குகிறது. குற்றம்சாட்டப்பட்ட 8 பேரில் ஒருவரை மட்டும் போலீஸால் ஒன்றரை மாதமாகப் பிடிக்க முடியவில்லை. அன்று அவரே நேராக கோர்ட்டுக்குள் நடந்து வந்தார். அவர்தான் ஆல்பர்ட் பார்சன்ஸ்.

யார் இந்த பார்சன்ஸ்?

1845-ல் அலபாமாவின் மான்ட்கோமரியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, டெக்சாஸில் அண்ணனிடம் வளர்ந்தார். உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாகாணப் படையில் டீன் ஏஜிலேயே சேர்ந்தார். போர் முடிந்ததும் ஆளே மாறிவிட்டார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசினார், பத்திரிகை நடத்தினார். கலப்பின வம்சாவளியைச் சேர்ந்த லூசியைக் கைப்பிடித்தார். அன்றைய டெக்சாஸில் இரண்டுமே ஆபத்து. 1873-ல் இருவரும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

சிகாகோ எப்படி இருந்தது?

1870-ல் சுமார் 3 லட்சம் பேர் இருந்த நகரம், 1890-ல் 10 லட்சத்தைத் தாண்டியது. ரயில்வே, இறைச்சிக் கூடங்கள், இயந்திரத் தொழிற்சாலைகள் என எங்கும் வேலை. ஆனால் தினமும் 10 மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல். தொழிலாளர்களில் பலர் ஜெர்மனி, அயர்லாந்து, பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள். அவரவர் மொழியில் பத்திரிகை, கூடிப் பேச ஹால், ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் என்று தங்களுக்கான ஓர் உலகத்தையே கட்டிவைத்திருந்தார்கள்.

அங்கே அச்சுக்கோக்கும் வேலை பார்த்த பார்சன்ஸ், 1877 ரயில்வே வேலைநிறுத்தத்தில் மேடையேறிப் பேசினார். உடனே வேலை போனது. வேறு அச்சகங்களும் கதவைச் சாத்தின. லூசியின் தையல் வேலைதான் குடும்பத்தைத் தாங்கியது. 1884 முதல் 'தி அலாரம்' என்ற அனார்கிஸ்ட் பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

ஹேமார்க்கெட்டில் என்ன நடந்தது?

1886, மே 1. 8 மணி நேர வேலை கேட்டு நாடு முழுக்க வேலைநிறுத்தம். சிகாகோ ஊர்வலத்தில் பார்சன்ஸ் குடும்பமும் நடந்தது. மே 3-ல் மெக்கார்மிக் ஆலை முன்பு போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட்டில் கூட்டம். மேயர் கார்ட்டர் ஹாரிசனே வந்து பார்த்து, பிரச்னை இல்லை என்று போலீஸிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பார்சன்ஸ் மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்து பேசினார். மழை வரும்போல இருந்ததால், பக்கத்து ஹாலுக்குப் போய்விட்டார். கூட்டம் முடியும் நேரத்தில் போலீஸ் நுழைய, யாரோ குண்டு வீசினார்கள். போலீஸும் சுட்டது. 7 போலீஸாரும், குறைந்தது 4 பொதுமக்களும் இறந்தனர். வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது.

உயிர் பிழைக்க வழி இருந்ததா?

இருந்தது, இரண்டு முறை. விஸ்கான்சினில் தலைமறைவாக இருந்தவர் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் தோழர்களோடு நிற்க வந்தார். பேச்சும் எழுத்தும்தான் குண்டுக்குக் காரணம் என்றது அரசுத் தரப்பு. பார்சன்ஸ் உட்பட 7 பேருக்குத் தூக்கு, ஒருவருக்கு 15 ஆண்டு சிறை.

அடுத்தது, கருணை மனு. அதில் கையெழுத்துப் போட்ட இருவரின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மனு கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பார்சன்ஸ் மறுத்துவிட்டார். 1887, நவம்பர் 11-ல் மேலும் மூவருடன் தூக்கிலிடப்பட்டார். வயது 42.

1893-ல் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று சொல்லி, சிறையில் இருந்த மூவரையும் விடுவித்தார். பார்சன்ஸுக்கு அது 6 வருடம் தாமதம்.