நட்சத்திரம் பார்த்து வரைபடம் வரைந்தவர்!

குழந்தைகளே! உங்கள் அட்லஸில் கனடா நாட்டுப் பக்கத்தை எடுங்கள். அதன் மேற்குப் பகுதியில் எத்தனை ஏரிகள், எத்தனை ஆறுகள்! அவற்றில் பல அடர்ந்த காடுகளுக்கு நடுவே இருப்பவை. விமானமும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்தில், அவற்றை அளந்து வரைபடமாக்கியவர் டேவிட் தாம்சன்.

இவர் 1770-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கான தர்மப் பள்ளியில் கணிதமும், கடல் பயணக் கலையும் படித்தார். 14 வயதில், விலங்குத் தோல் வியாபாரம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி அவரை வேலைக்குச் சேர்த்து, கனடாவுக்குக் கப்பலேற்றியது. அதன்பின் அவர் லண்டனுக்குத் திரும்பவே இல்லை.

1788-ம் ஆண்டு குளிர்காலத்தில் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தது. பல மாதங்கள் நடக்க முடியவில்லை. அவர் சோர்ந்து போனாரா? இல்லை! கால் தேறி வந்தபோது, பிலிப் டர்னர் என்ற நில அளவையாளரிடம் பாடம் கற்றார். அந்தக் காலத்தில் வலது கண் பார்வையும் போனது. ஆனாலும் படிப்பை விடவில்லை.

எப்படி அளந்தார் தெரியுமா? செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியனின் உயரத்தை அளந்தால், அந்த இடத்தின் அட்சரேகை தெரியும். ஆனால், அதற்குத் தொடுவானம் தெரிய வேண்டும். காட்டில் மரங்கள் மறைக்குமே! அதனால் தட்டில் பாதரசத்தை ஊற்றி, அதில் விழும் சூரிய பிம்பத்தைப் பார்த்து அளந்தார். இரவில் நிலாவையும் நட்சத்திரங்களையும் அளந்து தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். அங்குள்ள பழங்குடி மக்கள் அவருக்கு, நட்சத்திரம் பார்ப்பவர் என்றே பெயர் வைத்தனர். வழிகாட்டி உதவியவர்களும் அவர்களே.

1799-ல் சார்லட் ஸ்மால் என்பவரை மணந்தார். அவரது தாய் கிரீ பழங்குடியைச் சேர்ந்தவர். பல பயணங்களில் சார்லட்டும் குழந்தைகளும் உடன் சென்றனர். 1811-ல் கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் கடலை அடைந்தார். 1814-ல் பெரிய வரைபடத்தை முடித்தார். அதன் அகலம் மட்டும் மூன்று மீட்டருக்கும் அதிகம்!

ஆனால், முதுமையில் வறுமை வாட்டியது. தன் அளவைக் கருவிகளையே விற்றுச் சாப்பிட்டார். பார்வையும் முழுவதும் மங்கியது. 1857-ம் ஆண்டு அவர் இறந்தபோது, கல்லறையில் பெயர் பொறிக்கக்கூட ஆளில்லை. 1916-ல் டைரல் என்ற நிலவியல் அறிஞர், தாம்சன் எழுதி வைத்திருந்த பயண வரலாற்றை அச்சிட்டார். அதன்பிறகே உலகம் அவரை அறிந்தது. பின்னர் கல்லறையில் நினைவுத்தூண் எழுந்தது.

நீங்களும் வீட்டிலிருந்து பள்ளி வரை காலடியால் அளந்து, ஒரு வரைபடம் வரைந்து பாருங்களேன். தாம்சனின் உழைப்பு எவ்வளவு பெரியது என்பது புரியும்!