தாமஸ் எர்ஸ்கின்

ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில், 1750ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் நாள், பக்கன் பிரபுவின் கடைசிக் குமாரராகத் தாமஸ் எர்ஸ்கின் பிறந்தார். குலம் பெரிது, கைப்பொருளோ சிறிது. உயர்தரக் கல்வி அளிக்கத் தந்தையாரால் இயலாமையின், பதினான்காம் வயதில் கப்பலேறினார். நான்கு ஆண்டுகள் கடலிற் கழிந்தபின், 1768இல் தரைப்படையில் அதிகாரியானார். மத்தியதரைக் கடலிலுள்ள மினார்க்காத் தீவில் அவருடைய பட்டாளம் தங்கியிருந்த காலத்து, ஷேக்ஸ்பியர், மில்டன் ஆகியோர் நூல்களை ஊன்றிப் பயின்றார். பின்னாளில் அவர் நாவில் விளங்கிய சொல்வன்மைக்கு இப்பயிற்சியே வித்து எனலாம். பரீட்சைக்காகவே செய்யுளை நெட்டுருச் செய்யும் நம் போன்றார்க்கு இச்செய்தி சிறிது நாணந் தருவதே.

மனைவி மக்களைக் காக்கப் படைச் சம்பளம் போதாமையால், 1775இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திற் சேர்ந்து, 1778இல் பாரிஸ்டரானார். அவ்வாண்டிலேயே முதல் வழக்கு வாய்த்தது. கிரீனிச்சில் முதிய கடற்படையினர்க்கென அமைந்த விடுதியில் நிகழ்ந்த முறைகேடுகளை வெளியிட்ட காப்டன் பெய்லி என்பவர்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டிருந்தது. அம்முறைகேடுகளுக்குக் கடற்படை மந்திரி சாண்ட்விச் பிரபுவே காரணர் என்பது பெய்லி தரப்பாரின் கூற்று. பிரபுவின் பெயரை இங்கு இழுக்கலாகாதென்று நீதிபதி மான்ஸ்பீல்டு தடுத்தார். பெய்லியின் வக்கீல்களுள் யாவரினும் இளையவராகிய எர்ஸ்கின் அஞ்சாது அப்பிரபுவையே குற்றஞ்சாட்டிப் பேசினார். வழக்குத் தள்ளப்பட்டது, அவருடைய வறுமையும் அன்றோடு தீர்ந்தது.

பார்லிமெண்டிலோ அவர் சொல் எடுபடவில்லை. 1783இல் போர்ட்ஸ்மத் தொகுதியின் அங்கத்தினராகி, இந்தியக் கம்பெனி மசோதாவைக் குறித்து முதன்முறை பேசினார். குறிப்பெடுக்கப் பேனாவோடு அமர்ந்திருந்த பிட், சிறிது நேரங் கேட்டுவிட்டுப் பேனாவை எறிந்தார் என்பர். மறு ஆண்டே தொகுதியும் கைநழுவிற்று. ஜூரிமார் பன்னிருவரை உருக்கிய நாவுக்குச் சபையோர் அசையாதது வியப்பே.

தாமஸ் பெயின் எழுதிய 'மனித உரிமைகள்' என்னும் நூலின்பொருட்டு 1792இல் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. அக்காலத்து வேல்ஸ் இளவரசரின் அட்டர்னி ஜெனரலாயிருந்த எர்ஸ்கினை, பெயினுக்காக வாதாட வேண்டாமென்று நண்பர் பலரும் தடுத்தனர். இன்னாருக்கு வாதாடேன் என்று வக்கீல் மறுப்பின், விசாரணைக்கு முன்னரே அவர் தீர்ப்பளித்தவராவார் என்பது எர்ஸ்கினின் கொள்கை. ஆகவே வாதாடினார், தோற்றார், இளவரசர் அளித்த பதவியையும் இழந்தார். 1794இல், ராஜத்துரோகக் குற்றஞ் சாட்டப்பெற்றுத் தூக்குமேடையை எதிர்நோக்கி நின்ற சக்கிலியத் தொழிலாளி தாமஸ் ஹார்டியை, நெடுநேரம் வாதாடி விடுவித்தவரும் இவரே.

இவர் வாழ்வில் என் மனத்தை விட்டு அகலாதது 1797ஆம் ஆண்டு நிகழ்ச்சி. பெயின் விவிலியத்தைத் தாக்கி எழுதிய மற்றொரு நூலை வில்லியம்ஸ் என்னும் ஏழைப் புத்தக வியாபாரி விற்றான். சன்மார்க்கத்தைக் காக்கக் கூடிய சங்கத்தார் ஒருவர் அவன்மீது வழக்குத் தொடுத்தனர். கிறிஸ்தவப் பற்றுடைய எர்ஸ்கின் இம்முறை அச்சங்கத்தாரின் வக்கீலாய் நின்று வென்றார். தண்டனை விதிக்கப்படுமுன் ஒரு நாள், லண்டன் தெருவில் ஒரு பெண் அவர் அங்கியைப் பற்றியிழுத்து அழுதாள். அவள் வில்லியம்ஸின் மனைவி. அவள் அழைத்துச் சென்ற சிற்றறையிலே பெரியம்மை கண்ட குழந்தைகள் கிடந்தனர்; அருகிலிருந்து வில்லியம்ஸ் தைத்துக்கொண்டிருந்தவையோ கிறிஸ்தவத் துண்டுப் பிரசுரங்கள்!

எர்ஸ்கின் மனங் கலங்கி, அவனுக்கு இரக்கங் காட்டுமாறு சங்கத்தாரை வேண்டினார். அத்தியட்சர் முதலிய பெரியோர் வீற்றிருந்த அச்சங்கம் இணங்கவில்லை. மறையைக் காக்கப் புகுந்தோர் அது கற்பிக்கும் இரக்கத்தை எங்ஙனம் மறந்தனரோ! எர்ஸ்கின் அவர்கள் கொடுத்த பொருளைத் திருப்பி அனுப்பி, வழக்கிலிருந்து விலகினார். வில்லியம்ஸ் ஓராண்டு சிறையிலிருந்தான்.

1806இல் எர்ஸ்கின் லார்டு சான்ஸலரானார். அவ்வுயர் பதவி ஓராண்டுக்குச் சிறிது மேலாகவே நிலைத்தது. 1823ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், தாம் பிறந்த ஸ்காட்லாந்திலேயே உயிர் நீத்தார்.