தாயாக நடித்து உலகை அழ வைத்தவர்
இத்தாலிய நடிகை அன்னா மன்யானியின் வாழ்க்கை

அன்று அவளுக்குக் கலியாணம். அவள் ஒரு விதவை. வயிற்றில் குழந்தை. திடீரென்று ஜெர்மன் சிப்பாய்கள் வந்து கட்டிடத்தைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவளை மணக்க இருந்தவனைப் பிடித்து லாரியில் ஏற்றுகிறார்கள். அவள் சிப்பாய்களை உதறித் தள்ளிவிட்டு, அவன் பெயரைக் கூவிக்கொண்டே லாரியின் பின்னால் ஓடுகிறாள்.

துப்பாக்கி வெடிக்கிறது! நடுத்தெருவில் விழுகிறாள். அவளுடைய சிறு மகன் ஓடி வந்து அவள் மேல் விழுந்து கதறுகிறான்.

1945ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோம், திறந்த நகரம்’ என்ற படத்தில் வரும் காட்சி இது. சண்டை நடக்கக்கூடாது என்று அறிவிக்கப்பட்ட ஊரைத் ‘திறந்த நகரம்’ என்று சொல்வார்கள். உலகை அழ வைத்த அந்தத் தாயாக நடித்தவர் அன்னா மன்யானி. தாயின் அருகே வளரும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை.

பாட்டியின் மடியில்

1908ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி ரோம் நகரில் அன்னா பிறந்தார். தந்தையின் நிழல் அவர்மேல் விழவில்லை. தாயின் குடும்பப் பெயரே அவருக்கும் பெயராயிற்று. அன்னா சிறு குழந்தையாக இருந்தபோதே, தாய் எகிப்து நாட்டுக்குப் போய்விட்டார். பாட்டிதான் குழந்தையை வளர்த்து ஆளாக்கினார்.

நாடகப் பள்ளியில் படித்த அன்னா, வயிற்றுப்பாட்டுக்காக இரவு விடுதிகளில் பாடினார். நாடக மேடைகளில் சிரிப்பு வேடங்கள் போட்டார். சினிமாவிலும் சிறு வேடங்கள் கிடைத்தன. கதாநாயகி என்றால் பளபளக்கும் அழகி என்று எண்ணிய காலம் அது. அன்னாவோ கலைந்த கூந்தலும், கருவளையம் சூழ்ந்த கண்களும் உடையவர். அலெசாந்திரினி என்ற டைரக்டரை மணந்தார். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை.

மகனுக்கு வந்த நோய்

பிறகு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. விஸ்கோந்தி என்ற டைரக்டர் தம் முதல் படத்தில் அன்னாவைக் கதாநாயகியாக்க விரும்பினார். ஆனால் அன்னா அப்போது கர்ப்பமாக இருந்தார். வேடம் வேறொரு நடிகைக்குப் போயிற்று.

1942ஆம் ஆண்டு மகன் பிறந்தான். சக நடிகர் ஒருவர்தான் அவனுடைய தந்தை. அவரும் அன்னாவோடு நிலைத்து வாழவில்லை. தம் பெயரையே மகனுக்கும் சூட்டினார் அன்னா.

தளர்நடை போடும் வயதில் அந்தக் குழந்தையை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் செயலிழந்தன. மகனை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பி வைத்தியம் பார்த்தார். உழைத்த பணத்தையெல்லாம் அவனுக்காகச் செலவிட்டார்.

நிஜமாக நடந்த கதை

இந்தத் துயரத்தோடுதான் அன்னா ‘ரோம், திறந்த நகரம்’ படத்தில் நடித்தார். அந்தக் கதைக்கு ஓர் உண்மைச் சம்பவமே அடிப்படை. 1944 மார்ச் 3ஆம் தேதி, சிறைப்பட்ட கணவரைக் காணச் சென்ற தெரசா குல்லாச்சே என்ற கர்ப்பிணியை, ரோம் நகரத் தெருவிலே ஜெர்மன் சிப்பாய் ஒருவன் சுட்டுக் கொன்றான்.

படம் எடுக்கத் தொடங்கியது 1945 ஜனவரியில். ரோமிலிருந்து ஜெர்மானியர் வெளியேறி ஓராண்டுகூட ஆகவில்லை. பிலிம் கிடைப்பதே அரிதாக இருந்தது. டைரக்டர் ரோசலினி தெருக்களிலேயே படமெடுத்தார். ஊர் பட்ட துன்பத்தை ஊரார் திரையில் கண்டார்கள். 37 வயதில் அன்னா உலகப் புகழ் பெற்றார்.

ரோசலினியும் அன்னாவும் காதலித்தார்கள். ஆனால் 1949இல் நடிகை இங்கிரிட் பெர்க்மனுக்காக ரோசலினி அன்னாவை விட்டுப் பிரிந்தார்.

அன்னா சோர்ந்துவிடவில்லை. 1951இல் ‘பெல்லிசிமா’ படத்தில் ஓர் ஏழைத் தாயாக நடித்தார். மகளை சினிமா நட்சத்திரமாக்கத் தவிக்கிறாள் அந்தத் தாய். சினிமாக்காரர்கள் தன் குழந்தையைப் பார்த்துக் கேலியாகச் சிரிப்பதைக் கண்டதும் மனம் மாறுகிறாள். தேடி வந்த ஒப்பந்தத்தை மறுத்துவிடுகிறாள்! இந்தப் படத்தின் டைரக்டர், முன்பு அன்னாவுக்கு வாய்ப்பளித்த அதே விஸ்கோந்திதான்.

ஆஸ்கார் பரிசு

அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ், அன்னாவை மனத்தில் வைத்தே ‘ரோஜாப் பச்சை’ என்ற நாடகத்தை எழுதினார். ஆங்கிலம் சரளமாக வராததால் மேடையில் நடிக்க அன்னா மறுத்தார். அது 1955இல் படமானபோது நடித்தார். 1956 மார்ச்சில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இத்தாலியப் பெண் அவர்தான். விழாவுக்கு அவர் போகவில்லை. படத்தில் மகளாக நடித்த மரிசா பவன் அவருக்காகப் பரிசை வாங்கினார். 1962இல் பசோலினியின் ‘மம்மா ரோமா’ படத்தில், மகனுக்காக வாழ்வை மாற்றிக்கொள்ளப் பாடுபடும் தாயாக மீண்டும் உருக வைத்தார்.

கடைசி விடை

1973 செப்டம்பர் 26ஆம் தேதி, புற்றுநோயால் ரோம் நகரில் காலமானார். அப்போது வயது 65. பிரிந்து சென்ற ரோசலினி கடைசி நாட்களில் திரும்பி வந்து அருகில் இருந்தார். தம் குடும்பக் கல்லறையிலேயே அன்னாவை அடக்கம் செய்ய இடம் கொடுத்தார். பிற்காலத்தில் அவர் உடல் சான் பெலிச்சே சிர்ச்சியோ என்ற கடலோர ஊருக்கு மாற்றப்பட்டது.

இறுதிச் சடங்கு நாளில் மாதா கோயிலின் முன் ரோம் மக்கள் திரண்டு நின்றார்கள். சவப்பெட்டி வெளியே வந்தபோது கூட்டம் கைதட்டியது. தாயின் அணைப்பில் வளராத அந்தப் பெண்ணைத் தங்கள் வீட்டுத் தாயாகவே எண்ணி, அவர்கள் விடை கொடுத்து அனுப்பினார்கள்.