இரத்தத்தின் சிறு பேதங்களைத் தேடிய கார்ல் லாண்ட்ஸ்டைனர்

ஜூன் மாதம் 14ஆம் திகதி, 2004ஆம் ஆண்டு தொடக்கம் உலகெங்கும் இரத்ததானம் செய்வோர் தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. எமது நாட்டிலும் பள்ளிவாசல்களிலும் ஆலய மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் இரத்ததான முகாம்கள் நடைபெறுகின்றன. அத்தினம் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் மருத்துவ விஞ்ஞானியின் பிறந்த தினம் என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. அறிந்தவர்களும் ஏ, பி, ஓ என்னும் பிரிவுகளைக் கண்டுபிடித்தவர் என்பதோடு அவரை நிறுத்திவிடுகின்றனர். அவருடைய வாழ்வின் பிற்பகுதி, உலகம் முடிந்துவிட்டதெனக் கருதிய ஒரு விடயம் இன்னும் முடியவில்லை எனக் காட்டுவதிலேயே கழிந்தது. அந்தப் பிற்பகுதியைப் பற்றியே நாம் இங்கு அதிகம் பேச விரும்புகின்றோம்.

1868ஆம் ஆண்டு வியன்னா நகருக்கு அண்மையிலுள்ள பாடன் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றில் லாண்ட்ஸ்டைனர் பிறந்தார். தந்தையார் வியன்னாவில் பெயர்பெற்ற பத்திரிகையாளர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமாகிவிட, தாயாரே பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார். அந்தத் தாயின் மீது அவர் கொண்டிருந்த பற்று அளவுகடந்தது. தாயார் இறந்தபின் அவருடைய முகத்தில் வார்த்தெடுத்த அச்சைத் தம் அறைச் சுவரில் இறுதிவரை மாட்டி வைத்திருந்தார். 1890இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவிய அவர், மறுவருடம் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். வைத்தியராகத் தொழில் பார்க்கச் செல்லாமல் எமில் பிஷர் போன்ற பெரும் இரசாயன அறிஞர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். நோயை இரசாயனத்தின் கண்கொண்டு பார்க்கும் பழக்கம் அவருக்கு வாய்த்தது அங்கேதான்.

1898 முதல் பத்து ஆண்டுகள் அவர் பிரேத பரிசோதனை மேசையருகே நின்றார். அக்காலத்தில் 3600க்கும் மேற்பட்ட உடல்களை அவர் பரிசோதித்ததாகப் பதிவுகள் உள்ளன. அந்த வேலைக்கிடையிலேயே இரத்தத்தைப் பற்றிய அவருடைய கேள்வி எழுந்தது. ஒருவருடைய நீர்ப்பாயத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தை, இன்னொருவருடைய செங்குழியங்களோடு கலந்தால் சிலவேளை அவை திரளுகின்றன, சிலவேளை திரளுவதில்லை. இதனை நோயின் அறிகுறியென்றே அக்கால மருத்துவர்கள் பலர் எண்ணினர். லாண்ட்ஸ்டைனரோ நோயற்றவர்களைத் தேடினார். தம்முடைய இரத்தத்தையும் தம்முடன் பணியாற்றியவர்களின் இரத்தத்தையும் எடுத்து, ஒன்றோடொன்று மாறிமாறிக் கலந்து பார்த்தார். 1900இல் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பாக அடக்கத்துடன் தலைகாட்டிய இந்த அவதானிப்பு, 1901இல் மூன்று பிரிவுகளாக வெளிப்பட்டது. நான்காவதாகிய ஏபி பிரிவை மறுவருடம் டிகாஸ்டெல்லோ, ஸ்டூர்லி ஆகிய இருவரும் கண்டனர்.

இக்கண்டுபிடிப்பு உடனடியாகப் போற்றப்பட்டதென நினைப்பது தவறு. வியன்னாவில் அவருக்கு 1911இல் பேராசிரியர் என்னும் பட்டம் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. 1908இல் எர்வின் பொப்பருடன் சேர்ந்து இளம்பிள்ளை வாதத்தைக் குரங்குகளுக்குத் தொற்றச் செய்து, அந்நோய் ஒரு கிருமியால் பரவுவதென்பதற்கு வழிகாட்டியதும் அவரே. அது தனியே ஒருவருடைய பெயரை நிலைநிறுத்தப் போதுமானது. எனினும் முதல் உலகப் போரின் முடிவில் ஒஸ்திரியப் பேரரசு சிதறி, வியன்னா பட்டினியில் வாடியபோது, ஐம்பதைக் கடந்த அவர் மனைவியையும் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு 1919இல் ஒல்லாந்தின் ஹேக் நகரிலிருந்த ஒரு சிறிய கத்தோலிக்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. நோயாளிகளின் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துக் கொடுக்கும் அன்றாடப் பணியே அங்கு அவருக்குக் கிடைத்தது. அந்த நெருக்கடியிலும் ஆய்வை அவர் விடவில்லை. 1923இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் ஆய்வு நிலையம் அவரை அழைத்துக்கொண்டது.

அந்நேரம் இரத்தப் பிரிவுகள் பற்றிய விடயம் தீர்ந்துபோன ஒன்றாகவே கருதப்பட்டது. பிரிவு பார்த்து இரத்தம் ஏற்றும் முறை வைத்தியசாலைகளில் வேரூன்றி வந்தது. லாண்ட்ஸ்டைனர் அப்படிக் கருதவில்லை. மனிதருக்கு மனிதர் இரத்தம் வேறுபடுகின்றதெனில், அவ்வேறுபாடு நான்கு பிரிவுகளோடு ஏன் நின்றுவிட வேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

அக்கேள்விக்கு விடை காண்பதில் ஒரு தடை இருந்தது. ஏ பிரிவினரின் உடலில் பி பிரிவுக்கு எதிரான பிறபொருளெதிரி இயல்பாகவே அமைந்துள்ளது. ஆதலால் இரண்டையும் கலந்தவுடன் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். செங்குழியத்தின் மேற்பரப்பில் வேறு அடையாளங்கள் இருந்தாலும், அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரி மனிதரில் இயல்பாக அமைந்திருப்பது அரிது. எதிரி இல்லாத இடத்தில் அடையாளத்தை எப்படிக் கண்டுகொள்வது? லாண்ட்ஸ்டைனரும் அவருடைய இளம் உதவியாளர் பிலிப் லெவினும் முயல்களின் துணையை நாடினர். ஒருவருடைய செங்குழியங்களை முயலுக்குச் செலுத்தினால் முயலின் உடல் அவற்றுக்கு எதிரிகளை உண்டாக்கும். அவற்றுட் பெரும்பாலானவை எல்லா மனிதருக்கும் பொதுவானவற்றுக்கு எதிரானவை. அப்பொதுவான எதிரிகளை இன்னொருவருடைய செங்குழியங்களைக் கொண்டு உறிஞ்சி அகற்றிவிட்டால், எஞ்சுவது முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள வேறுபாட்டை மாத்திரம் காட்டும். இந்த வழியில் 1927ஆம் ஆண்டு எம், என், பீ என்னும் மூன்று புதிய அடையாளங்கள் வெளிவந்தன. (இங்கு பீ என்பது ஆங்கில நெடுங்கணக்கின் 16ஆவது எழுத்து, ஏ, பி, ஓ வரிசையிலுள்ள இரண்டாவது எழுத்தன்று. தமிழில் எழுதும்போது இவ்விரண்டும் மயங்கத்தான் செய்கின்றன.)

சிறு இரத்தப் பிரிவுகள் என இன்று நாம் குறிப்பிடும் தொகுதிகளின் வரலாறு இங்கேதான் தொடங்குகின்றது. எம், என் இரண்டும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குத் தெளிவான ஒழுங்கில் கடத்தப்படுவதால், பிள்ளையின் தந்தை யாரென்ற வழக்குகளில் நீதிமன்றங்களுக்கு அவை உதவின. பீ அடையாளத்தைப் பொறுத்தவரை ஒரு வியப்புக்குரிய தொடர்பும் உண்டு. குளிரில் அகப்பட்டபின் சிறுநீர் செந்நிறமாகும் ஓர் அரிய நோயை 1904இல் டொனாத் என்பவருடன் சேர்ந்து லாண்ட்ஸ்டைனர் ஆராய்ந்து, நோயாளியின் சொந்தச் செங்குழியங்களையே தாக்கும் பிறபொருளெதிரி அதற்குக் காரணமெனக் காட்டியிருந்தார். அந்த எதிரி தாக்குவது, 1927இல் அவர் கண்ட பீ அடையாளத்துக்கு நெருங்கிய உறவுடைய ஒன்றையே என்பது 1960களில் தெரியவந்தது.

1930இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முந்திய கண்டுபிடிப்புக்காக. தமது நோபல் உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மனித இரத்தத்திலுள்ள தனிநபர் வேறுபாடுகள் என்பதாகும். நான்கு பிரிவுகளின் தந்தையென்று மேடையேற்றப்பட்டவர், பிரிவுகள் நான்கல்ல என்பதையே அங்கு எடுத்துரைத்தார் எனலாம்.

அவர் சொன்னதன் பாரதூரம் சில ஆண்டுகளிலேயே ஒரு தாயின் துன்பத்தில் வெளிப்பட்டது. 1937இல் நியூயோர்க்கில் ஒரு பெண் இறந்த சிசுவைப் பிரசவித்தார். இரத்தப்போக்கு மிகுந்திருந்தமையால் கணவரின் இரத்தம் அவருக்கு ஏற்றப்பட்டது. இருவரும் ஓ பிரிவினர். எனினும் அப்பெண்ணின் உடல் அந்த இரத்தத்தைக் கடுமையாக எதிர்த்தது. அப்போது றொக்பெல்லர் நிலையத்தை விட்டு விலகி வேறிடத்தில் பணியாற்றிய லெவின், ஸ்டெட்சன் என்பவருடன் சேர்ந்து அப்பெண்ணின் நீர்ப்பாயத்தைச் சோதித்தார். பிரிவு பொருந்திய 104 பேரின் இரத்தத்தில் 80 பேருடையதை அது திரளச் செய்தது. தந்தையிடமிருந்து சிசு பெற்ற ஏதோ ஓர் அடையாளத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிரியை உண்டாக்கியுள்ளதென 1939இல் அவர்கள் எழுதினர். பெயர் மாத்திரம் சூட்டவில்லை.

பெயர் லாண்ட்ஸ்டைனரின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அவரும் அலெக்ஸாண்டர் வீனரும் றீசஸ் குரங்கின் செங்குழியங்களை முயல்களுக்குச் செலுத்திப் பெற்ற நீர்ப்பாயம், நியூயோர்க்கின் வெள்ளையரில் நூற்றுக்கு 85 பேரின் இரத்தத்தைத் திரளச் செய்ததை 1940இல் வெளியிட்டனர். றீசஸ் என்னும் சொல் மருத்துவத்துள் நுழைந்தது அவ்வாறே. எதையும் பலமுறை சோதிக்காமல் வெளியிடாத லாண்ட்ஸ்டைனர், இந்த முடிவையும் சுமார் மூன்றாண்டுகள் கைவசம் வைத்திருந்தார். யார் முந்தியவர் என்று லெவினும் வீனரும் பின்னர் நீண்டகாலம் வாதிட்டனர். அந்த வாதத்தை விட, பிறக்குமுன்னரும் பிறந்தவுடனும் இறந்துகொண்டிருந்த எண்ணற்ற குழந்தைகளின் மரணத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்பதே பெரிது. றீசஸ் எதிர் தாய்மாருக்கு ஏற்றும் தடுப்பு மருந்து 1968இல் பாவனைக்கு வந்தது.

எமது ஊர்களில் பிரசவ அறைக்கு வெளியே இரத்தம் தேவை என்றதும் கணவரும் சகோதரர்களும் முன்வருவது வழமை. அன்பினால் செய்யப்படும் காரியம் அது, குறைகூற இயலாது. ஆயினும் பிள்ளைப்பேறு எதிர்நோக்கும் பெண்ணுக்குக் கணவரின் இரத்தத்தை ஏற்றுவதை மருத்துவர்கள் தவிர்ப்பதன் காரணம் மேற்சொன்ன சம்பவத்தில் அடங்கியுள்ளது. கணவரின் அடையாளங்களுக்கு எதிராக மனைவியின் உடல் ஒருமுறை எதிரிகளை உண்டாக்கிவிட்டால், அவ்வடையாளங்களைச் சுமந்து வரும் அடுத்த குழந்தைக்கே அது ஆபத்தாகும்.

1943ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி, 75 வயதை எட்டியிருந்த லாண்ட்ஸ்டைனர் ஆய்வுகூடத்தில் அளவுக்குழாயைக் கையிற் பிடித்திருந்த நிலையில் மாரடைப்புக்குள்ளானார். இரண்டு நாட்களின் பின் அதே நிலையத்தின் வைத்தியசாலையில் உயிர் பிரிந்தது. உத்தியோகபூர்வமாக அவர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் தேடியவை வெள்ளமெனப் புறப்பட்டது அதன் பின்னரே. செங்குழியத்தில் ஒட்டிக்கொண்டும் அதனைத் திரளச் செய்ய இயலாத சிறிய பிறபொருளெதிரிகளைக் காட்டும் சோதனையை 1945இல் இங்கிலாந்தில் கூம்ஸ், மூரன்ட், றேஸ் ஆகியோர் அறிமுகப்படுத்தினர். 1946இல் கெல், 1950இல் டஃபி, 1951இல் கிட் எனத் தொகுதிகள் அடுத்தடுத்து வந்தன. இவை அறிஞர்களின் பெயர்களல்ல. எதிரிகள் முதன்முதலிற் காணப்பட்ட நோயாளிகளினதும் தாய்மாரினதும் குடும்பப் பெயர்கள். 1952இல் பம்பாயில், ஓ பிரிவெனத் தோன்றினும் ஓ இரத்தத்தையும் ஏற்க இயலாத அரிய வகையினர் இனங்காணப்பட்டனர். தென்னாசியாவிலேயே அவ்வகையினர் கூடுதலாக உள்ளனர். இன்று சர்வதேசப் பட்டியலில் 45க்கும் மேற்பட்ட தொகுதிகளும் 350க்கும் மேற்பட்ட அடையாளங்களும் இடம்பெற்றுள்ளன.

ஒருமுறை இரத்தம் பெற்றுக் குணமடைபவருக்கு இவற்றிற் பெரும்பாலானவை பொருட்டல்ல. மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை ஆயுள் முழுவதும் இரத்தம் பெறவேண்டிய தலசீமியா நோயாளிக்கு நிலைமை வேறு. எமது நாட்டில் குருநாகலிலும் ஏனைய மாவட்ட வைத்தியசாலைகளிலும் இத்தகைய பிள்ளைகள் உள்ளனர். பற்பல கொடையாளர்களின் இரத்தம் உடலிற் சேரச்சேர, சிறு பிரிவுகளுக்கு எதிரான எதிரிகள் உருவாகும் வாய்ப்பும் கூடுகின்றது. பின்னர் ஏ, பி, ஓ பொருந்தினாலும் இரத்தம் பொருந்தாது. கிட் தொகுதிக்கு எதிரானவை இவற்றுள் மிக வஞ்சகமானவை. சில மாதங்களில் சோதனைக்கும் அகப்படாத அளவுக்குக் குறைந்து மறைந்துவிடும். அடுத்த முறை பொருந்தாத இரத்தம் ஏற்றப்பட்டதும் சில நாட்களில் மீண்டும் பெருகிச் செங்குழியங்களை அழிக்கும். ஆதலால் நோயாளியின் உடலில் எப்போதாவது எந்த எதிரி காணப்பட்டது என்னும் குறிப்பு, வைத்தியசாலை மாறும்போதெல்லாம் அவருடன் செல்ல வேண்டும். அந்த ஒரு தாளைப் பத்திரப்படுத்தும் பெற்றோர் பிள்ளையின் உயிரைப் பத்திரப்படுத்துகின்றனர். கொடையாளர் எல்லாச் சமூகங்களிலிருந்தும் வரவேண்டுமென இரத்த வங்கியினர் விரும்புவதற்கும் காரணம் உண்டு. சிறு பிரிவுகள் எல்லா மக்களிடத்தும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை. அரிய ஒன்று யாரிடம் கிடைக்குமென முன்கூட்டியே கூற இயலாது.

லாண்ட்ஸ்டைனரின் பெயரிலும் ஒரு தொகுதி இருக்கின்றது. அதன் கதை சற்று விசித்திரமானது. முயல்கள் உண்டாக்கிய றீசஸ் எதிரியும் அந்த நியூயோர்க் தாயின் எதிரியும் ஒன்றல்ல என்பது 1960களில் உறுதியாயிற்று. றீசஸ் நேர் இரத்தத்தில் மிகுதியாகவும் எதிர் இரத்தத்தில் குறைவாகவும் காணப்படும் வேறொரு அடையாளத்தையே முயல்களின் எதிரி தாக்கியிருந்தது. ஆயினும் றீசஸ் என்னும் பெயர் தாயின் எதிரிக்கே வழங்கி நிலைத்துவிட்டதால் அதனை மாற்ற எவரும் விரும்பவில்லை. குரங்கின் இரத்தத்தால் உண்மையில் அறியப்பட்ட அடையாளத்துக்கு, லாண்ட்ஸ்டைனர், வீனர் ஆகியோரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்டபிள்யூ என்று பெயரிட முன்மொழிந்தவர் லெவின். வீனரோடு அவ்வளவு காலம் வாதிட்டவர் அவரே என்பதும் கவனிக்கத்தக்கது. சர்வதேசப் பட்டியலில் அது 16ஆவது தொகுதி. இரத்த வங்கிகளில் அதற்கெதிரான எதிரியைக் காண்பது வெகு அபூர்வம்.