ஒரு டாலர் உரிமை: ஃபிரெடெரிக் பாண்டிங்கின் வாழ்வு

ஒப்புரவாளனிடம் சேரும் செல்வத்திற்கு, எல்லா உறுப்பும் மருந்தாகும் மரத்தை உவமையாக்கினார் வள்ளுவர். அத்தகைய மரத்தை நட்டவர் ஒருவராகவும் வேலியிட்டோர் வேறு சிலராகவும் அமைவதுண்டு. இன்சுலினின் வரலாறு அவ்வாறானது.

கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்து அலிஸ்டனில், 1891 நவம்பர் 14-இல் உழவர் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார் ஃபிரெடெரிக் பாண்டிங். முதல் உலகப் போரில் படை மருத்துவராகப் பணிபுரிந்தார். 1918-இல் தாம் காயமுற்ற நிலையிலும் பிறருக்கு மருத்துவம் செய்து வீர விருது பெற்றார். போருக்குப்பின் லண்டன் என்னும் கனடிய நகரில் தொழில் தொடங்கினார். நோயாளிகள் அரிதாகவே வந்தனர். 1920 அக்டோபர் 31 இரவு, கணையம் பற்றிய கட்டுரையொன்றைப் படித்துப் படுத்தவருக்கு உறக்கம் வரவில்லை. கணையச் சுரப்பைப் பிரித்தெடுக்கும் வழியொன்று மனத்தில் தோன்றியது.

டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்லியாட் ஆய்வுக்கூடம் அளித்தார். 1921 மே மாதத்தில் மாணவர் சார்லஸ் பெஸ்ட்டுடன் ஆய்வு தொடங்கிற்று; ஆண்டிறுதியில் உயிர்வேதியியல் அறிஞர் காலிப் இணைந்தார். நீரிழிவுற்ற குழந்தைகளுக்குப் பட்டினியே அன்றைய மருத்துவம். அது சாவைத் தள்ளிப்போட்டதேயன்றித் தடுக்கவில்லை. 1922 சனவரி 11-இல் 14 வயதுச் சிறுவன் லெனார்டு தாம்சனுக்கு இட்ட முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. காலிப் தூய்மைப்படுத்திய சாறு 23-ஆம் நாள் செலுத்தப்பட்டது, சிறுவன் பிழைத்தான்.

மருத்துவ அறத்திற்கு ஒவ்வாதெனக் கருதிக் காப்புரிமையில் தம் பெயரைச் சேர்க்கப் பாண்டிங் முதலில் இசையவில்லை. ஆயினும் பிறர் எவரும் அதனைத் தமதாக்கிக் கொள்ளலாகாது என்பதற்காகவே உரிமை பெறப்பட்டது. பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலா 1 டாலருக்கு அதனைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர்.

பெருமளவில் மருந்து செய்யப் பல்கலைக்கழகத்தால் மட்டும் இயலவில்லை. 1922-இல் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. அதன் ஆலைகள் இல்லையேல் எத்தனையோ நோயாளிகள் காத்திருந்தே மாண்டிருப்பர். வணிகம் செய்த அவ்வுதவியை மறுத்தல் நேர்மையன்று.

1923-இல் பாண்டிங்கிற்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பெஸ்ட் விடுபட்டமை கண்டு வெகுண்ட பாண்டிங், தம் பங்கில் பாதியை அவருக்கு ஈந்தார். மக்லியாடும் காலிப்புடன் தம் பங்கைப் பகிர்ந்தார். சினமும் ஈரமும் ஒருங்கே அமைந்த பாண்டிங், ஓய்வில் பனிநிலங்களை ஓவியமாகத் தீட்டினார். 1941 பிப்ரவரியில், இங்கிலாந்து செல்லும் வழியில் நியூபவுண்ட்லாந்தில் நேர்ந்த வானூர்தி விபத்தில் 49 வயதில் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற கொடைக்குப் பின்னாளில் நேர்ந்தது வேறு. இன்சுலினின் அமைப்பைச் சற்றே மாற்றிய புதுவகைகள் புதிய காப்புரிமைகளைப் பெற்றன. உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று நிறுவனங்களின் கைக்குச் சென்றது. 1996-இல் அமெரிக்காவில் சுமார் 21 டாலருக்கு அறிமுகமான ஒரு குப்பி, 2019-இல் ஏறத்தாழ 275 டாலர் விலை பெற்றது. வாங்க இயலாதோர் அளவைக் குறைத்துச் செலுத்தினர். அதனால் இறந்தோரும் உண்டு. மக்கள் குரல் எழுந்தபின், 2023-இல் அந்நிறுவனங்கள் விலைக்குறைப்பை அறிவித்தன.

பாண்டிங் பிறந்த நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாள். கண்டவன் மனம் விரிந்திருந்தால் மட்டும் போதாது. கண்டதைக் காக்கும் சமூகமும் விழித்திருத்தல் வேண்டும் என்பதே அந்நாள் நினைவூட்டும் பாடம்.