அவசரப்படாத தளபதி

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



எங்க ஊர்ல பட்டாளத்துத் தாத்தா ஒருத்தர் இருக்கார். அவர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மீசைக்காரர் படம் தொங்கும். அது தாத்தாவோட அண்ணன் என்றுதான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷா என்று! 2008-ல் அவர் மறைந்தபோது நான் கைக்குழந்தை. 2023-ல் வந்த சினிமாவால் நம்மில் சிலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்.

1914 ஏப்ரல் 3-ம் தேதி அமிர்தசரஸில் ஒரு பார்சி டாக்டரின் மகனாகப் பிறந்தார். அவருக்கும் டாக்டராகத்தான் ஆசை. லண்டன் போய்ப் படிக்கிறேன் என்று கேட்டார். வயசு பத்தாது என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் ராணுவப் பரீட்சை எழுதினார். 1932-ல் டேராடூனில் தொடங்கிய ராணுவ அகாடமியின் முதல் அணியில் சேர்ந்த 40 பேரில் அவரும் ஒருவர். கேட்ட படிப்பு கிடைக்காமல் டிப்ளமோவுக்கு வந்தவர்கள் நம்மிலும் உண்டு. எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த நானும் அப்படித்தான். மானெக்ஷா கிடைத்ததைக் குறைவாக நினைக்கவில்லை.

1939-ல் சீலு அம்மையாரை மணந்தார். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பக்கம் ஜப்பானியரோடு சண்டை. உடம்பில் குண்டுகள் பாய்ந்து விழுந்தார். வீட்டிலோ இரண்டு வயசுப் பெண் குழந்தை! ஷேர் சிங் என்ற சிப்பாய் அவரைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியதால் பிழைத்தார். ஒரு சாதாரண சிப்பாய் தந்த உயிர் அது. அதை அவர் மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1969-ல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். ஏப்ரல் மாதமே படையெடுக்க வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி விரும்பினார். இப்போது முடியாது என்று மந்திரிகள் முன்னாலேயே மறுத்துவிட்டதாகப் பின்னாளில் மானெக்ஷாவே சொல்லியிருக்கிறார். மழை வந்தால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும். படைகள் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தன. பனிக்காலம் வந்தால் இமயமலைக் கணவாய்கள் மூடிக்கொள்ளும், சீனா பக்கம் பயமில்லை. இதுதான் அவர் கணக்கு. டிசம்பர் 3-ல் போர் வந்தது. 16-ம் தேதி டாக்கா விழுந்தது. சுமார் 93,000 பேர் கைதானார்கள். சரணடைவை ஏற்க அவர் போகவில்லை. கிழக்குத் தளபதி அரோராவை அனுப்பினார்.

எங்க ஊர்த் தாத்தா அந்தப் போரில் இருபது வயசுச் சிப்பாய். தளபதி அன்னைக்கு அவசரப்பட்டிருந்தா நான் ஆத்தோட போயிருப்பேன் என்பார். சாமிக்குப் பக்கத்தில் ஏன் அந்தப் படம் என்று அப்போதுதான் புரிந்தது.

1973 ஜனவரியில் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். பிறகு நம்ம நீலகிரியில், குன்னூரில் மனைவியோடு குடியேறினார். தோட்டம், மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்ந்தார். 2001-ல் சீலு அம்மையார் மறைந்தார். ஏறக்குறைய 62 வருஷத் தாம்பத்யம்! 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவரும் கண் மூடினார். ஊட்டியில் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

நண்பர்களே, இதை நான் ஏன் எழுதுகிறேன்? எங்கப்பா கொத்தனார். கான்கிரீட் இறுகுமுன்னே சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொன்ன அவசரத்தில் ஒரு கட்டடத்தில் விழுந்து கால் ஒடிந்தது. அன்றைக்கு அங்கே நின்ற சூப்பர்வைசரும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். கூடாது என்று அவருக்குத் தெரியும், வாய்தான் திறக்கவில்லை. நாளைக்கு நாமும் சைட்டில் நிற்போம். முதலாளி அவசரப்படுத்துவார். கீழே நிற்பவனுக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கும். பிரதமரிடமே இப்போது வேண்டாம் என்று சொன்ன ஒரு மனிதரை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்வோம்!